நெமோவின் வீட்டுப் பெண்கள்

ஜூல்ஸ் வெர்ன் உருவாக்கிய காப்டன் நெமோவை நம்மில் பலர் பள்ளிக்கூட நூலகத்தில் சுருக்கப் பதிப்பாகச் சந்தித்திருப்போம். மனிதர்களை வெறுத்து, தானே வடிவமைத்த நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் கடலுக்கடியில் வாழும் மேதை அவர். அவரிடம் அகப்பட்டுக்கொள்ளும் பேராசிரியர் அரோனாக்ஸ் கடல் உயிர்களை ஆராய்பவர். கதையைச் சொல்வதும் அவர்தான்.

நெமோ ஓர் இந்தியர் என்பது சுருக்கப் பதிப்போடு நின்றுவிட்டவர்களுக்குத் தெரியாது. 1869, 1870-இல் தொடராக வந்த முதல் நாவல் அவருடைய நாட்டைச் சொல்வதில்லை. நெமோ என்ற லத்தீன் சொல்லுக்கு 'யாருமில்லை' என்று பொருள். ரஷ்யாவைப் பழிவாங்கும் போலந்துக்காரராக அவரைப் படைக்கத்தான் வெர்ன் முதலில் நினைத்தார். பதிப்பாளர் ஹெட்ஸல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1874-75-இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் உண்மை வெளிவருகிறது. அவர் பந்தேல்கண்ட் ராஜாவின் மகன் தக்கார். திப்பு சுல்தானுக்கு உடன்பிறப்பின் பிள்ளை முறை. ஐரோப்பாவில் படித்தவர். 1857 கலகத்தில் சண்டையிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்.

திப்பு 1799-இல் இறந்துபோனார். வருஷக் கணக்கு சரியாகப் பொருந்தாது. ஆனாலும் வெர்ன் கொடுத்த உறவுமுறையை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அப்படியென்றால் நெமோவின் வீட்டுப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் விடை உண்டு. காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் வேலூர்க் கோட்டையில் இருந்தார்கள். சுற்றிலும் அகழித் தண்ணீர் நிற்கும் கோட்டை அது.

கப்பலையும் கோட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். அடைத்து வைத்தவர் நம்மை நன்றாக நடத்தினால், அவருக்கு நாம் கடன்பட்டவர்களா? உள்ளே இருப்பவர் மனநிறைவோடு இருந்தால், அது சிறை இல்லை என்று ஆகிவிடுமா? பெண்களிடம் இந்தக் கேள்வியை உலகம் வேறு வார்த்தைகளில் தினமும் கேட்கிறது. "உனக்கு இந்த வீட்டில் என்ன குறை?"

*

சீரங்கப்பட்டணம் 1799 மே மாதம் வீழ்ந்தது. அதன்பின் திப்புவின் மகன்களையும் அந்தப்புரப் பெண்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். மனைவியர், மகள்கள், ஹைதர் அலி காலத்து முதிய பெண்கள், ஆடல் பாடல் கற்றவர்கள், பணிப்பெண்கள் என்று பல நிலைகளில் இருந்தவர்கள். அவர்களுக்கு மகால்கள் ஒதுக்கப்பட்டன. படிப்பணம் வந்தது. கல்யாணம் காட்சிகள் நடந்தன. கம்பெனியைக் கேட்டிருந்தால், மரியாதையாகத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கும். பின்னாளில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் அவர் குடும்பத்தையும் இதே கோட்டையில்தான் வைத்தது. அவர் 1832-இல் இங்கேயே இறந்தார். அரச குடும்பங்களைப் பூட்டிவைப்பதற்கு வேலூர் ஒரு வழக்கமான இடமாகிவிட்டிருந்தது.

1806 ஜூலை 10 எல்லாருக்கும் தெரியும். நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்ற புதிய விதி, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, அவற்றை எதிர்த்துச் சிப்பாய்களின் எழுச்சி, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, கோட்டைக்குள் நடந்த படுகொலை. அதற்கு முந்தைய நாள் கோட்டைக்குள் ஒரு திருமணம் நடந்தது. பாடப்புத்தகங்களில் அது 'திப்புவின் மகளின் திருமணம்' என்று ஒரு வரியில் வரும். சிப்பாய்கள் கூடுவதற்கு வசதியாக இருந்த கூட்டம் என்பதோடு அந்த வரி முடிந்துவிடும். அந்தப் பெண்ணின் பெயர் வராது. கல்யாணம் முடிந்த இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு விழித்தவள் அவள். அண்ணன் தம்பிகள்மேல் சந்தேகம் விழுந்ததையும் கண்டிருப்பாள்.

எழுச்சிக்குப் பிறகு திப்புவின் மகன்களைக் கம்பெனி கல்கத்தாவுக்கு அனுப்பியது. பெண்கள் பலர் வேலூரிலேயே இருக்க வேண்டியதாயிற்று. மகன்களால் ஆபத்து வரலாம், அதனால் அவர்களைத் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெண்களால் என்ன ஆகிவிடும், இருக்கிற இடத்தில் இருக்கட்டும். வரலாறு அவர்களுக்குக் கொடுத்த மதிப்பு இவ்வளவுதான். அந்தக் குடும்பத்தின் கல்லறைகள் கோட்டைக்கு வெளியே, ஊருக்குள் இருக்கின்றன.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்தப் பெண்களைக் கம்பெனிதான் முதன்முதலில் அடைத்து வைத்தது என்று சொல்ல முடியாது. சீரங்கப்பட்டணத்திலும் அவர்கள் அந்தப்புரத்தில்தான் இருந்தார்கள். 1799-இல் பூட்டின் சொந்தக்காரர் மாறினார். தேசத்தின் கதையில் அது பெரிய மாற்றம். அந்தப் பெண்களின் ஒருநாள் பொழுதில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

*

இனி கப்பலுக்குப் போவோம்.

நாட்டிலஸில் 12,000 புத்தகங்கள் கொண்ட நூலகம் இருக்கிறது. ஓவியங்கள் இருக்கின்றன, ஆர்கன் இருக்கிறது, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே எந்த விஞ்ஞானியும் கண்டிராத கடல் இருக்கிறது. அரோனாக்ஸ் எழுதிய புத்தகத்தை நெமோ ஏற்கெனவே படித்திருக்கிறார். தன் எழுத்தைப் படித்துவிட்டுப் பேசுகிற ஒருவர் கிடைப்பது அறிவுத்துறையில் இருக்கும் யாருக்கும் பெரிய கவர்ச்சி. பெண்களுக்கு அது இன்னும் அபூர்வம் என்பதால் அதன் இழுப்பு நமக்கு நன்றாகவே புரியும்.

விதிகள் சில. கப்பலுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். சில நேரங்களில் மட்டும், காரணம் கேட்காமல் அறைக்குள் போய்விட வேண்டும். வெளியே மட்டும் ஒருநாளும் போக முடியாது. அறைக்குள் போகச் சொன்ன ஒரு நாளில் சாப்பாட்டில் மயக்க மருந்து கலக்கப்படுகிறது. விழித்தபின் யாரும் விளக்கம் சொல்வதில்லை.

அரோனாக்ஸோடு இன்னும் இருவர் பிடிபட்டிருக்கிறார்கள். ஒருவர் அவருடைய வேலையாள் கான்செய். இன்னொருவர் கனடாவைச் சேர்ந்த திமிங்கில வேட்டைக்காரர் நெட் லாண்ட். இது சிறை, தப்பிக்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர் நெட் லாண்ட். பேராசிரியர் நாளைக் கடத்துகிறார். இன்னும் ஒரு கடல் பார்த்துவிடலாம், இன்னும் ஒரு மீன் வகையைக் குறித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். கான்செயை யாரும் கேட்பதே இல்லை. எஜமானுக்கு எது விருப்பமோ அதுதான் அவனுக்கும் விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிறையில் ஒரே மாதிரி அடைபட்ட மூன்று பேரில், உள்ளே இருப்பதால் லாபம் அடைகிறவர் ஒருவர், நஷ்டம் மட்டுமே அடைகிறவர் ஒருவர், தன் கருத்து இன்னது என்று சொல்லப் பழகாதவர் ஒருவர். நம் குடும்பங்களுக்குள் மாமியார், மருமகள், வேலைக்கு வரும் அக்கா என்று மூன்று பெண்கள் ஒரே வாசற்படிக்குள் வாழும்போது, 'இந்த வீட்டுப் பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் யாருடைய சந்தோஷத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

*

அரோனாக்ஸின் சந்தோஷம் பொய் இல்லை. அதை மதிக்காமல் மேலே போக முடியாது. கிடைக்கக்கூடியதற்கு ஏற்றபடி ஆசையைச் சுருக்கிக்கொள்ளும் மனநிலையைப் பற்றி அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும் நிறைய எழுதியிருக்கிறார்கள். கிடைக்காது என்று தெரிந்ததைக் கேட்காமல் இருக்க மனசு பழகிவிடும், ஆகவே 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து நீதியை அளக்க முடியாது என்பது அதன் சாரம். இந்த வாதம் சரியானது. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் போய், 'நீ சந்தோஷமாக இருப்பதாக நினைக்கிறாய், உண்மையில் நீ அடிமை' என்று சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவள் மனசை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் நாமும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

இந்தச் சிக்கலை இப்படிப் பிரிக்கலாம். மனநிறைவு அவளுடையது. பூட்டு அவனுடையது. அவளுடைய மனநிறைவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பூட்டைப் பற்றிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. அவளுடைய மனநிறைவைத் தன் பூட்டுக்குச் சாட்சியாக அவன் காட்டவும் முடியாது. ஏனென்றால் கதவு திறந்திருந்த ஒரு நாள்கூட அந்தச் சாட்சியம் சோதிக்கப்படவில்லை. நெமோவுக்கு அரோனாக்ஸின் நட்பு உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. கரையோரமாகக் கப்பலை நிறுத்தி, போக விரும்பினால் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். கதை முழுக்க அதை மட்டும் அவர் செய்யவே இல்லை.

வேலூர் வட்டாரத்தில் இதற்கு வெகு தூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் கிராமத்துக்குக் கம்பெனி பஸ் வரும், மாலையில் கொண்டுவந்து விடும். அந்தச் சம்பளம் பல வீடுகளில் பெண்ணின் குரலுக்கு ஓர் எடை கொடுத்திருக்கிறது. இருட்டிய பிறகு வீட்டு வாசல் வரை வந்து விடும் பஸ் உண்மையிலேயே பாதுகாப்புதான். ஆனால் ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏறாமல், தோழியோடு காட்பாடிப் பக்கம் போய்ச் சும்மா சுற்றிவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்ப அவளால் முடியுமா? முடியாது என்றால், அந்த பஸ் பாதுகாப்போடு சேர்த்து வேறொன்றையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அதே வட்டாரத்தில் வீட்டில் இருந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள். வீட்டைவிட்டுப் போகாமலே சம்பாதிக்கிறாள் என்று அதைப் புகழ்வார்கள். போக முடியாததால்தான் அந்தக் கூலிக்குத் தைக்கிறாள் என்ற பகுதி புகழுரையில் வராது.

பெண்கள் விடுதிகளுக்கும் இதே சோதனை பொருந்தும். நல்ல நூலகம், நல்ல ஆய்வகம், நல்ல சாப்பாடு. கேட் மூடும் நேரம், அவுட் பாஸ், அப்பாவுக்குப் போகும் மெசேஜ். பையன்கள் விடுதியில் அதே விதி இருந்தாலும் கேட் அவ்வளவு இறுகியிருக்காது. 2015-இல் தில்லி மாணவிகள் 'பிஞ்சரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று கிளம்பியபோது பலர் கேட்டது, "இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் என்ன குறை?" என்றுதான். இது நெமோவின் கேள்வி. நூலகத்தைக் காட்டிக் கதவை மறக்கச் சொல்லும் கேள்வி.

*

நெமோவுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் வேறொன்று. அவர் அநீதி இழைக்கப்பட்டவர். நாட்டை இழந்தவர், மனைவி மக்களை இழந்தவர். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அவர் இரக்கமற்றவரும் இல்லை. மன்னார் கடலில் முத்துக் குளிக்கும் ஓர் ஏழையைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தையும் கொடுக்கிறார். ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் தான் நிற்பதாக அரோனாக்ஸிடம் சொல்கிறார். துருக்கியை எதிர்த்துப் போராடும் கிரீட் தீவுக்காரர்களுக்குத் தங்கம் அனுப்புகிறார்.

அந்த முத்துக் குளிப்பவர் நம் கடலைச் சேர்ந்தவர். அவருக்கு நெமோ கொடுத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியை நெட் லாண்டின் இடத்தில் நின்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக உயிரைப் பணயம் வைக்கிறவர், தன் வீட்டுக்குள் இருக்கும் மூன்று பேரின் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிறார். இப்படிப்பட்ட ஆண்களை நமக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுவார், போராட்டத்தில் முன்வரிசையில் நிற்பார், சிறைக்குக்கூடப் போவார். வீட்டில் அவர் மனைவி பக்கத்துத் தெருவுக்குப் போக அனுமதி கேட்பாள். அவர் வெளியே பேசுவது வேஷம் என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். வேஷம் இல்லை என்பதுதான் சிக்கல். அவர் அங்கேயும் உண்மை, இங்கேயும் உண்மை. ஒடுக்குமுறையை அவர் தனக்கு மேலே இருப்பவர்களிடம் மட்டும் அடையாளம் காணப் பழகியிருக்கிறார்.

வரலாற்றறிஞர் பார்த்தா சாட்டர்ஜி, காலனிய காலத்துத் தேசியவாதிகள் உலகத்தை வெளி, வீடு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டதைக் காட்டினார். வெளியில் வெள்ளையன் ஆள்கிறான். வீட்டுக்குள் அவன் வரவில்லை, அங்கே நம் பண்பாடு தூய்மையாக இருக்கிறது, அதைக் காப்பவள் பெண். இந்தப் பிரிவினையில் வீடு, தோற்றுப்போன ஆணின் கடைசிக் கோட்டையாகிறது. நாட்டிலஸ் அப்படிப்பட்ட வீடு. எந்தப் பேரரசின் சட்டமும் செல்லாத இடம். அதனாலேயே நெமோவின் சொல்லைத் தவிர வேறு சட்டம் இல்லாத இடம்.

அந்த வீட்டில் பெண்களே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பெண் மட்டும் படமாக இருக்கிறாள். நாவலின் முடிவுக்கு அருகில், ஒரு போர்க்கப்பலை மோதி மூழ்கடித்த பிறகு, இளம்பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படத்தின் முன் நெமோ மண்டியிட்டு அழுவதை அரோனாக்ஸ் பார்க்கிறார். கொல்லப்பட்ட மனைவியின் பெயரால் இன்னும் எத்தனையோ பேரின் கணவர்களும் பிள்ளைகளும் தண்ணீருக்குள் போகிறார்கள். அவளுக்கு வெர்ன் பெயர் வைக்கவில்லை. பழிவாங்கச் சொன்னாளா என்று கேட்க ஆளும் இல்லை. வேலூர்ப் பாடத்தில் பெயரில்லாத மணப்பெண்ணுக்கும் இவளுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. இரண்டு பேரும் ஆண்கள் நடத்திய போருக்குக் காரணமாகவோ சந்தர்ப்பமாகவோ பயன்பட்டவர்கள்.

*

மூவரையும் ஏன் விடமுடியாது என்பதற்கு நெமோ சொல்லும் காரணம் எளிமையானது. அவர்களுக்கு அவருடைய ரகசியம் தெரிந்துவிட்டது. வெளியே போனால் சொல்லிவிடுவார்கள். அடைத்து வைத்தவரின் ரகசியமே அடைபட்டவரின் விலங்காகிறது. 'வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது' என்ற வாக்கியம் தமிழில் எத்தனை பெண்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று கணக்கெடுக்க முடியாது. அடித்தது அவன், மறைக்க வேண்டியது அவள். மானம் அவனுடையது, காவல் அவளுடையது.

இதற்குள் படித்தவளுக்கு ஒரு தனித் துயரம் உண்டு. அரோனாக்ஸ் கடைசியில் தப்பிக்க நினைப்பதற்கு ஒரு காரணம், கடலைப் பற்றி இப்போது தனக்கு உண்மையான புத்தகம் எழுத முடியும், அது உலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை. கற்றுக்கொள்ளத் தடையில்லை, சொல்லத்தான் தடை. டிகிரி வாங்க வைத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுவிட்டு, சான்றிதழைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டும் வீடுகள் இந்த ஏற்பாட்டைத்தான் செய்கின்றன.

நம் காலத்தில் இந்தக் கேள்வி ஒரு நாள் உச்ச நீதிமன்றத்திலேயே நின்றது. கேரளத்தைச் சேர்ந்த ஹாதியா சேலத்தில் ஹோமியோபதி படித்த மாணவி. இஸ்லாத்தைத் தழுவி, தானே தேர்ந்தெடுத்தவரை மணந்தார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருமணத்தை ரத்து செய்து, வயதுக்கு வந்த அந்தப் பெண்ணைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தார். நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் நின்று, தனக்குச் சுதந்திரம் வேண்டும் என்று சொன்னார். நீதிமன்றம் அன்று அவரைச் சேலத்துக்கு அனுப்பிப் படிப்பை முடிக்கச் சொன்னது. 2018 மார்ச் 8 அன்றுதான் திருமணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. முதலில் படிப்பு திரும்பக் கிடைத்தது, வாழ்க்கை பிறகுதான் கிடைத்தது. பெற்றோருக்கு அவர்மேல் அன்பு இல்லை என்று நான் நினைக்கவில்லை. அன்பு இருந்தது, கதவும் பூட்டியிருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதை நாம் ஏற்றுக்கொண்டால்தான் இந்தப் பேச்சை நேர்மையாகப் பேச முடியும்.

*

நெமோவுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு கதை இருக்கிறது. அதுவும் சென்னையில்தான் வெளிவந்தது. 1905-இல் கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் வங்காளத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். பர்தாவுக்குள் வளர்ந்து, அண்ணன் துணையால் ஆங்கிலம் கற்றவர் அவர். அவர் கனவு கண்ட நாட்டில் பெண்கள் வெளியே நடமாடுகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கவும் சூரிய வெப்பத்தைச் சேமிக்கவும் பெண்கள் பல்கலைக்கழகங்கள் வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஆண்கள் தோற்ற போரை, அந்த வெப்பத்தை எதிரிகள்மேல் பாய்ச்சி மாணவிகள் வென்றார்கள்.

இரண்டு கதைகளிலும் விஞ்ஞானம் இருக்கிறது, பூட்டிய கதவும் இருக்கிறது. வித்தியாசம் அறிவு யாரிடம் இருக்கிறது என்பதில். நெமோவின் மின்சாரம் ஒரு மனிதரின் சொத்து. அவர் இறந்ததும் கப்பல் அவர் உடலோடு கடலடிக்குப் போகிறது, யாருக்கும் பயன்படாமல். ரொக்கேயாவின் சூரிய வெப்பம் பல்கலைக்கழகத்தில் பிறந்து எல்லார் சமையலறைக்கும் போகிறது. பின்னாளில் அவரே கல்கத்தாவில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார்.

ஆண்களைப் பூட்டிவைத்தது சரியா என்று கேட்கலாம். சரியில்லை. அடைபட்ட ஆண்களின் மேல் நமக்கு உடனே பரிதாபம் வருகிறது. அந்தப் பரிதாபம் ஏன் பெண்களின் விஷயத்தில் உடனே வருவதில்லை என்று கேட்பதற்குத்தான் ரொக்கேயா அந்த நாட்டையே கட்டினார். பூட்டுகிற கை பெண்ணுடையது என்பதால் பூட்டு நல்லதாகிவிடாது. மருமகளை வெளியே விடாத மாமியார்களைப் பார்த்த நமக்கு இது தெரியும்.

ஆகவே 'உனக்கு இங்கே என்ன குறை' என்று யாராவது கேட்டால், குறைகளைப் பட்டியல் போட வேண்டியதில்லை. பட்டியல் போட்டால் ஒவ்வொன்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கதவை அப்படியே வைத்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் புத்தகம் வரும், இன்னும் அகலமான ஜன்னல் வரும். நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். யாரையும் கேட்காமல் நான் போகலாமா? போனால், விரும்பும்போது திரும்பி வரலாமா? இங்கே நடந்ததை வெளியே சொல்லலாமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வரும் இடத்தில் தங்குவதற்குப் பெயர் விருப்பம். அங்கே ஒரு பெண் தன் ஆயுள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் எனக்குக் கேள்வி இல்லை. ஒன்றுக்காவது 'இல்லை' என்றால், அந்த வீட்டில் 12,000 புத்தகங்கள் இருந்தாலும் அது வேலூர்க் கோட்டைதான்.